சாஞ்சியில் ஓர் அமானத்



உங்கள் பணப்பையில் 200 ரூபாய்த் தாள் ஒன்று இருக்குமானால், அதை எடுத்து ஒருமுறை பின்புறம் திருப்பிப் பாருங்கள். கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம் போன்ற ஒரு கட்டடமும், அதன் முன்னே அழகியதொரு தோரண வாயிலும் தென்படும். 2017ஆம் ஆண்டு முதல் அந்தத் தாள் நம் கைகளில் புழங்கி வருகிறது. கறிக்கடையிலும் மளிகைக் கடையிலும் நாள்தோறும் அதைக் கொடுக்கிறோம், வாங்குகிறோம். அது எந்த ஊர்? கட்டியவர்கள் யார்? இடிந்து மண்மேடாகிப் போயிருக்க வேண்டிய அதைக் காத்துக் கொடுத்தவர்கள் யார்? நம்மில் எத்தனை பேர் இப்படிக் கேட்டிருப்போம்?

அந்த ஊரின் பெயர் சாஞ்சி. மத்தியப் பிரதேச மாநிலத்தின் ரைசேன் மாவட்டத்தில் இருக்கிறது. போபால் நகரிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். உலகெங்குமுள்ள பௌத்தர்கள் போற்றும் பழம்பெரும் வழிபாட்டுத் தலம். 1989ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

“மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்குப் பௌத்தக் கோயிலில் என்ன வேலை?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், போபால் இஜ்திமா முடிந்த மறுநாள், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். ஊர் திரும்பும் ரயிலுக்கு இரண்டு நாள்கள் இருந்தன. “சாஞ்சிக்குப் போய் வருகிறேன்” என்றேன். “சிலைகளைப் பார்க்கவா ஹஜ்ரத்?” என்றார் அவர். குரலில் கோபமில்லை. வியப்பும் சிறிது வருத்தமும் இருந்தன. என்னுடன் வந்திருந்த என் மகனும், பதின்மூன்று வயதுச் சிறுவன், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரியவருக்கு அன்று நான் முழுமையாக விடை சொல்லவில்லை. அந்த விடையைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

விடை சொல்லாமல் போன ஒரு கேள்வி

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம். நான் பகலில் கல்லூரியில் வரலாறும், மாலையில் மதரஸாவில் மார்க்கக் கல்வியும் பயின்றுகொண்டிருந்த காலம். ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து செதுக்கப்பட்டிருந்த இரண்டு மாபெரும் புத்தர் சிலைகளை அன்றைய ஆட்சியாளர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒன்று 55 மீட்டர் உயரம், மற்றொன்று 38 மீட்டர் உயரம். அடுத்தடுத்து வந்த முஸ்லிம் அரசுகளின் ஆட்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருந்த சிலைகள் அவை.

என் வகுப்பில் எனக்கு நெருங்கிய தோழன் ஒருவன் இருந்தான். சகோதர சமயத்தைச் சேர்ந்தவன். என் வீட்டு நோன்புக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பவன். அவன் நாளிதழை என் முன் விரித்து வைத்து, “இந்தச் சிலைகள் உங்களுக்கு என்னடா செய்தன?” என்று கேட்டான். கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை. நான், “அது அரசியல்டா” என்று மழுப்பிவிட்டு எழுந்து போனேன்.

எழுந்து போனேனே தவிர, அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. ஏனெனில் 1992ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் எனக்குப் பன்னிரண்டு வயது. அயோத்தியில் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்ட அன்றிரவு என் அத்தா சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, ஒரு பிடி கூட உண்ணாமல் எழுந்ததைக் கண்ணால் கண்டவன் நான். தொழுமிடம் இடிக்கப்படும் வலி என்னவென்று அறிந்த நான், பிறர் போற்றும் ஒன்று இடிக்கப்பட்டபோது அரசியல் என்று சொல்லி நகர்ந்தேனே, அது நியாயமா?

அப்போதும் முஸ்லிம் உலகம் வாளாவிருக்கவில்லை என்பதைப் பின்னாளில் அறிந்தேன். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு மார்க்க அறிஞர்கள் குழு ஒன்றை ஆப்கானிஸ்தானுக்கே அனுப்பி, அந்தச் செயல் வேண்டாமென்று கேட்டுக்கொண்டது. பயன் கிட்டவில்லை. ஆயினும் இருபத்து மூன்று ஆண்டுகளாக என் மனத்திலிருந்த முள் அகலவில்லை. சாஞ்சிக்குச் செல்ல வேண்டுமென்ற ஆசை அங்கிருந்துதான் பிறந்தது.

போபாலிலிருந்து சாஞ்சிக்கு

காலையில் போபாலின் வழக்கப்படி போஹாவும் ஜிலேபியும் உண்டோம். அவல் கொண்டு செய்யும் உப்புமா என்று போஹாவைச் சொல்லலாம். அதோடு இனிப்பான ஜிலேபியைச் சேர்த்துத் தின்பதைக் கண்டு என் மகனுக்குச் சிரிப்பு. பிறகு விதிஷா செல்லும் பேருந்தில் ஏறினோம். வழியெங்கும் கோதுமை வயல்கள். போபாலுக்கும் சாஞ்சிக்கும் இடையே ஓரிடத்தில், கடக ரேகை இவ்விடத்தைக் கடக்கிறது என்று அறிவிக்கும் பலகை சாலையோரத்தில் இருக்கிறது. புவியியல் பாடத்தில் படித்த கோட்டைக் கண்ணால் காண முடியுமென்று எண்ணி, என் மகன் சன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தான்!

சாஞ்சி மிகச் சிறிய ஊர். ஒரு சிறு ரயில் நிலையம், சில உணவுக் கடைகள், தங்கும் விடுதிகள், பௌத்த சங்கத்தார் நடத்தும் விகாரை. ஊரை ஒட்டி ஏறத்தாழ 90 மீட்டர் உயரமுள்ள குன்று. அதன் உச்சியில்தான் அந்தப் பெருந்தூபி.

குன்றில் ஏறும்போது மகன் கேட்டான்: “அத்தா, அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி நாம் இங்கே வருவது பாவமா?”

“நாம் எதற்காக வந்தோம்?” என்றேன்.

“பார்க்க.”

“வணங்கவா?”

“இல்லை.”

“மதரஸாவில் உனக்கு முதலில் நடத்திய ஹதீஸ் பாடம் எதைப் பற்றியது?”

“நிய்யத்” என்றான்.

நான் வேறொன்றும் சொல்லவில்லை. பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் நிலையைக் கண்டு சிந்திக்கும்படி அருள்மறை திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. முன்னோர் விட்டுச் சென்றவற்றைப் பாராமல் அந்தச் சிந்தனை எப்படி வரும்?

கல்லில் எழுந்த பெருந்தூபி

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் இக்குன்றின் மீது செங்கல்லால் ஒரு தூபி எழுப்பினார். அது இன்றுள்ளதில் பாதியளவே இருந்தது. அடுத்த நூற்றாண்டில், சுங்கர் காலத்தில், அதன்மீது கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். இன்று அதன் விட்டம் 36.6 மீட்டர், உயரம் சற்றேறக்குறைய 16.5 மீட்டர். உச்சி தட்டையாக இருக்கிறது. அங்கே ஒரு சதுரக் கல்வேலியும், அதன் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கல் குடைகளும் உள்ளன. அரசர்களுக்குக் குடை பிடிப்பது போன்று, தங்கள் ஆசானுக்குச் செய்த மரியாதை அது.

இந்தக் கட்டடத்துக்குள்ளே நுழைய முடியாது. அறையோ மண்டபமோ இல்லை. முழுவதும் திண்மையான கட்டு. வழிபடுவோர் அதனைச் சுற்றி வலமாக நடந்து வருகிறார்கள். தரைமட்டத்தில் ஒரு சுற்றுப்பாதை, படியேறிப் போனால் மேலே மற்றொரு சுற்றுப்பாதை.

தூபியைச் சூழ்ந்துள்ள கல்வேலியைக் கண்டால் தச்சுவேலை தெரிந்தவர்கள் வியந்து நிற்பார்கள். நிற்கும் கல்லில் துளையிட்டு, படுக்கைக் கல்லை அதில் செருகியிருக்கிறார்கள். மரத்தில் செய்கிற வேலையை அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள். மரத்தாலும் மூங்கிலாலும் வேலி கட்டிப் பழகிய மக்கள் கல்லுக்கு மாறியபோது, பழைய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை போலும்!

நான்கு திசைகளிலும் நான்கு தோரண வாயில்கள். இவை கி.மு. முதல் நூற்றாண்டில், சாதவாகனர் காலத்தில் எழுந்தவை. ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு சதுரத் தூண்கள். அவற்றின் மேல் வளைந்த மூன்று கல் தூலங்கள். தூலங்களின் முனைகள் சுருட்டிய ஓலை போலச் சுருண்டிருக்கின்றன. தெற்கு வாயிலின் தூண் தலைப்பில் சிங்கங்கள், வடக்கிலும் கிழக்கிலும் யானைகள், மேற்கில் தொந்தி பெருத்த குள்ளர்கள் தூலங்களைத் தாங்குகிறார்கள். தூணிலும் தூலத்திலும் விரல் வைக்க இடமின்றிச் சிற்பங்கள். நகரங்கள், கோட்டை வாயில்கள், மாடங்களிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள், மாட்டு வண்டிகள், காட்டு விலங்குகள் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வாழ்க்கை முழுவதும் அங்கே காணக் கிடைக்கிறது.

கல்லில் இத்தனை நுணுக்கம் எப்படி வந்தது? தெற்கு வாயிலில் உள்ள ஒரு கல்வெட்டே விடை சொல்கிறது. விதிஷா நகரத்து யானைத் தந்த வேலைக்காரர்கள் இச்சிற்ப வேலையைச் செய்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. தந்தத்தில் சீப்பும் பேழையும் செதுக்கிய கைகள்! அதனால்தான் சிற்பங்கள் அத்தனை நெருக்கமாகவும் சிறிதாகவும் இருக்கின்றன.

வெற்றிருக்கை

வாயில் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்த மகன் திடீரென்று கேட்டான்: “அத்தா, இது புத்தர் கோயில்தானே? புத்தர் எங்கே?”

நல்ல கேள்வி. புத்தரின் வாழ்க்கை வரலாறு வாயில்களெங்கும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அக்காட்சிகளில் அவருடைய மனித உருவம் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிருக்கை, அல்லது போதி மரம், அல்லது பாதச் சுவடுகள், அல்லது அறச் சக்கரம் காணப்படுகிறது. அரண்மனையை விட்டு அவர் வெளியேறும் காட்சியில், மேலே ஒருவருமின்றிக் குதிரை ஒன்று நடந்து செல்கிறது. அதற்கு மேலே குடை மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது! நான்கு வாயில்களின் உட்புறத்திலும் நாம் காணும் புத்தர் சிலைகள், குப்தர் காலத்தில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வைக்கப்பட்டவை.

இதைக் கொண்டு அவர்களும் நம்மைப் போலவே நம்பினார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. தேவர்களையும் யட்சர்களையும் பெண்ணுருவங்களையும் அவர்கள் தாராளமாகவே செதுக்கியிருக்கிறார்கள். நம் கொள்கை வேறு, அவர்கள் கொள்கை வேறு. ஆயினும் தாம் மிகவும் மதித்த ஒருவரை உருவத்தில் அடைக்காமல், வெற்றிடமாகக் காட்டிய அந்தப் பழங்காலச் சிற்பிகளின் அடக்கம் என்னைச் சிந்திக்க வைத்தது.

மேற்கு வாயிலில் ஒரு கதைச் சிற்பம் உண்டு. கண்ணிழந்த தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்துவந்த சாமன் என்ற மகன், தண்ணீர் எடுக்கச் சென்ற இடத்தில், வேட்டையாட வந்த அரசனின் அம்புபட்டு வீழ்கிறான். கதையின் முடிவில் அவன் உயிர் பெறுகிறான், பெற்றோரும் பார்வை பெறுகிறார்கள். அதை மகனுக்குச் சொன்னேன். பெற்றோர் கடமையைப் பற்றி நான் மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அந்தக் கல்லின் முன் அவன் கேட்டது போல என்றும் கேட்டதில்லை.

தானம் என்ற ஒரு சொல்

பெருந்தூபியின் கல்வேலியில் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்தத் தூபியைப் பெரிதாக்கியவர்கள் அரசர்கள் மட்டுமல்லர் என்பதற்கு அவையே சாட்சி. உஜ்ஜயினியிலிருந்தும் விதிஷாவிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் வணிகர்கள், துறவிகள், இல்லத்தரசிகள், பெண் துறவிகள் என்று எத்தனையோ எளிய மக்கள் ஆளுக்கொரு கல் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயரை அந்தந்தக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். நம் பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில் உபயதாரர் பெயரை எழுதி வைக்கிறோமே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது!

இந்த எழுத்துகள் பிராமி எழுத்துகள். பல நூற்றாண்டுகளாக அவற்றைப் படிக்க உலகில் ஒருவருமில்லை. 1837ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கில அறிஞர், சாஞ்சிக் கல்வெட்டுகள் பலவும் ஒரே விதமான எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். வழிபாட்டு இடத்தில், பலருடைய பெயர்களுக்குப் பின்னால், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருமானால் அது என்னவாக இருக்கும்? ‘தானம்’ என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஊகம் சரியாயிற்று. அந்தச் சொல்லில் பிடித்த எழுத்துகளைக் கொண்டு ஏனைய எழுத்துகளும் விடுபட்டன. அசோகரின் கட்டளைகளை உலகம் படித்தது. ஒரு நாட்டின் மறந்துபோன வரலாற்றையே திறந்த சாவி, பெயர் தெரியாத எளியவர்கள் கொடுத்த தானம்! எண்ணிப் பாருங்கள்.

தெற்கு வாயிலுக்கு அருகே அசோகர் நிறுவிய தூணின் அடிப்பகுதி நிற்கிறது. அதன் மெருகு இன்றும் கண்ணாடி போலப் பளபளக்கிறது. சங்கத்தைப் பிளவுபடுத்தும் துறவி எவராயினும் வெள்ளாடை உடுத்தி வெளியேற்றப்பட வேண்டும் என்பது அதில் அவர் பொறித்த கட்டளை. இதைப் படித்தபோது, ஒரே தெருவில் இரண்டு ஜமாஅத், மூன்று ஜமாஅத் என்று பிரிந்து நிற்கும் நம் ஊர்களை நினைத்துத் தலைகுனிந்தேன்.

காத்தவர்களும் கலைத்தவர்களும்

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் இங்கே துறவிகள் இல்லை. குன்றைக் காடு மூடியது. 1818ஆம் ஆண்டு ஜெனரல் டெய்லர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இவ்வழியே வந்தபோது, நான்கு வாயில்களில் மூன்று அப்படியே நின்றுகொண்டிருந்தன. தெற்கு வாயில் மட்டும் விழுந்து கிடந்தது. ஆனால் கண்டுபிடிப்புக்குப் பின்னரே பெருஞ்சேதம் நேர்ந்தது. 1822ஆம் ஆண்டு ஆங்கில அதிகாரி ஒருவர், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத் தூபியின் ஒரு பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரை பிளந்தார். அதன் பின் மேற்கு வாயிலும் விழுந்தது. அசோகர் தூணை உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்து, கரும்பு ஆலைக்குப் பயன்படுத்த முற்பட்டார். 1851ஆம் ஆண்டு கன்னிங்ஹாம் என்ற அறிஞர், மூன்றாம் தூபியிலிருந்து புத்தரின் தலைமாணாக்கர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் எலும்புகள் அடங்கிய பேழைகளை எடுத்தார். அவை இங்கிலாந்துக்குச் சென்றன. நூறாண்டுகளுக்குப் பின், 1952ஆம் ஆண்டில்தான், சாஞ்சியில் புதிதாகக் கட்டிய விகாரையில் அவற்றை மீண்டும் வைத்தார்கள்.

வாசகர்களே! இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இந்தக் குன்று அன்று எந்த அரசின் எல்லைக்குள் இருந்தது? போபால் அரசின் எல்லைக்குள். ஆண்டவர்கள் யார்? 1819 முதல் 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, நான்கு முஸ்லிம் பெண்மணிகள். குத்சியா பேகம், அவர் மகள் சிக்கந்தர் பேகம், அவர் மகள் ஷாஜஹான் பேகம், அவர் மகள் சுல்தான் ஜஹான் பேகம்.

கிழக்கு வாயிலின் அழகில் மயங்கிய பிரெஞ்சுக்காரர்கள், அதைத் தங்கள் நாட்டுக் காட்சிசாலைக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். ஆங்கிலேயர் சிலருக்கும் அதே ஆசை இருந்தது. நல்ல வேளையாக, சுண்ணச் சாந்தில் எடுத்த அச்சு நகல்களோடு அவர்கள் மனநிறைவு கொண்டார்கள்.  அசல் வாயில், கிழக்கே சூரியனைப் பார்த்தபடி, சாஞ்சியிலேயே நிற்கிறது.

சிதைந்து கிடந்த இந்தத் தலத்தைக் காக்க ஷாஜஹான் பேகமும், அவருக்குப் பின் சுல்தான் ஜஹான் பேகமும் பொருள் கொடுத்தார்கள். 1912 முதல் 1919 வரை சர் ஜான் மார்ஷல் தலைமையில் பெரும் சீரமைப்பு நடந்தது. காடு வெட்டப்பட்டது. சரிந்த சுவர்களும் வேலிகளும் மீண்டும் எழுந்தன. அங்கே கிடைத்த சிற்பங்களை வைக்க அருங்காட்சியகமும், மார்ஷல் தங்கி எழுத விடுதியும் அமைக்கப் பொருள் தந்தவர் சுல்தான் ஜஹான் பேகம். நூல் வெளிவரவும் அவரே பொருளுதவி செய்தார். மார்ஷல் அந்நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இவர்கள் மார்க்கப் பற்றில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை! போபாலின் புகழ்பெற்ற தாஜுல் மஸாஜித் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியவர் இதே ஷாஜஹான் பேகம். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1889ஆம் ஆண்டு எழுந்த பள்ளிவாசல், அவர் உதவியால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய கணவர் நவாப் சித்தீக் ஹஸன் கான், ஹதீஸ் கலையில் பேரறிஞர். சுல்தான் ஜஹான் பேகமோ, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டு உருவானபோது அதன் முதல் வேந்தர். தம் ஈமானில் உறுதியாக நின்றுகொண்டே, தம் ஆட்சியிலிருந்த பிற சமயத்தாரின் பழம்பொருளைக் காத்துக் கொடுத்தார்கள் இப்பெண்மணிகள்.

இதற்கு நம் மொழியில் ஒரு சொல் உண்டு. அமானத். பக்கத்து வீட்டுக்காரர் தம் நகையை நம்மிடம் கொடுத்து வைத்தால், அது நமக்குப் பிடித்த நகையா, நாம் அணியும் நகையா என்று பார்ப்போமா? கேட்கும்போது குறையாமல் கொடுப்போம். அவ்வளவுதான். மக்கா குறைஷிகள் நபிகள் நாயகத்தை (ஸல்) ஏற்க மறுத்த நாளிலும், தங்கள் பொருள்களை அவர்களிடமே கொடுத்து வைத்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும் அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றதை நாம் அறிவோம். வழிபாட்டில் சேர்ந்துகொள்வது வேறு, அமானத்தைக் காப்பது வேறு.

குன்றின் மேல் ஒரு சந்திப்பு

பெருந்தூபியின் தெற்கே, குப்தர் காலத்தைச் சேர்ந்த சிறு கற்கோயில் ஒன்று இருக்கிறது. தட்டைக் கூரை, முன்னே நான்கு தூண்கள், அவ்வளவுதான். இந்தியாவில் கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களில் அது ஒன்று. அதன் நிழலில் நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, வெள்ளுடை அணிந்த யாத்திரிகர் கூட்டம் ஒன்று வந்தது. இலங்கையிலிருந்து வந்த சிங்கள மக்கள். நவம்பர் இறுதி ஞாயிறன்று நடக்கும் விகாரை விழா முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அசோகரின் மகன் மகிந்தர் இப்பகுதியிலிருந்தே இலங்கைக்குப் புறப்பட்டார் என்பது அவர்களுடைய மரபு. ஆகவே அவர்களுக்குச் சாஞ்சி, தாய்வீடு போன்றது.

என் மகனின் தொப்பியைக் கண்டு ஒரு மூதாட்டி அருகில் வந்தார். “தமிழா?” என்று கேட்டார். ஆம் என்றதும், தெரிந்த சில தமிழ்ச் சொற்களைக் கூட்டி, “மகனா? நல்ல பிள்ளை” என்று சொல்லி, தம் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான். “வாங்கிக்கொள்” என்றேன். வாங்கிக்கொண்டு, எங்கள் துணிப்பையிலிருந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களை அவனாகவே எடுத்து அவர் கையில் வைத்தான்.

அவர்கள் தூபியை வலம்வரப் போனார்கள். நாங்கள் குன்றிலிருந்து இறங்கினோம். அடிவாரத்து அருங்காட்சியகத்தில் அசோகர் தூணின் நான்கு சிங்கத் தலைப்பைக் கண்டோம். பிறகு ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் இடம் கேட்டு, கடையின் பின்னே, வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து, லுஹரைச் சுருக்கித் தொழுதோம். ஒளூவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். தேநீருக்கு மட்டுமே காசு வாங்கினார்.

போபாலுக்குத் திரும்பும் பேருந்தில் மகன் கேட்டான்: “அத்தா, பேகம் காப்பாற்றினார்கள் என்று உங்கள் ஃபிரண்டுக்குச் சொல்வீர்களா?”

சொல்லலாம். ஆனால் அது அவன் கேள்விக்கு முழு விடை ஆகாது. பாமியானில் உடைந்தது உடைந்ததுதான். போபாலில் காத்ததைக் காட்டி அதை மறைக்க முடியாது. மறைக்கவும் கூடாது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, “அது தவறு. எனக்கும் வலிக்கிறது” என்ற இரண்டு வாக்கியங்கள்தாம். 1992இல் என் அத்தாவின் வலியைப் புரிந்துகொள்ள வந்த அண்டை வீட்டார், எங்கள் திண்ணையில் அமர்ந்து அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. ஊர் திரும்பியதும் பழைய முகவரியைத் தேடிப் பிடித்து அவனுக்குக் கடிதம் எழுதினேன். அந்த இரண்டு வாக்கியங்களை முதலில் எழுதினேன். பேகம்களைப் பற்றிப் பிறகு எழுதினேன்.

வாசகர்களே! சென்னையிலிருந்து தில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஆகிய ரயில்கள் போபால் வழியே செல்கின்றன. இஜ்திமாவுக்கோ, உறவினர் வீட்டுக்கோ அப்பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு பகற்பொழுதை ஒதுக்கிப் பிள்ளைகளோடு சாஞ்சிக்குச் சென்று வாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வெயில் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. போபாலில் தாஜுல் மஸாஜிதில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, அதைக் கட்டத் தொடங்கிய கையே சாஞ்சியையும் காத்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகள் அனைத்தையும், அவை யாருடையவையாயினும், குறைவின்றிக் காத்து ஒப்படைக்கும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.